இழுக்குதே, அப்புறம் என்ன?

போன மாதம் ஒரு மதிய நேரம். எங்கள் திண்டுக்கல் பக்கத்துக் காலனி ஒன்றில் குட்டி யானை வைத்து ஓட்டும் தம்பி ஒருவரிடமிருந்து போன் வந்தது. "அக்கா, மலையடிவாரத்துல வண்டியப் புடிச்சுட்டாங்க. எடை போட்டுட்டாங்க. மொதலாளி போன எடுக்க மாட்டேங்குறாரு. கொஞ்சம் வர முடியுமா?"

நான் போய்ச் சேர்ந்தபோது வண்டி சாலையோரம் நின்றிருந்தது. பின்பக்கம் தரையை நோக்கி அமுங்கியிருந்தது. உள்ளே 30 மூட்டை சிமெண்ட். மூட்டைக்கு 50 கிலோ, ஆக ஒன்றரை டன். அந்த வண்டிக்குச் சட்டப்படி அனுமதிக்கப்பட்ட சுமை 750 கிலோ, அதாவது 15 மூட்டை. சரியாக இரண்டு மடங்கு ஏற்றியிருந்தார்கள்.

தம்பியின் எண்ணைப் பார்த்து எடுக்காத கடைக்காரர், என் எண்ணிலிருந்து அழைத்தபோது எடுத்தார். யார் என்று சொன்னேன். மரியாதையாகவே பேசினார். "வண்டி அவனோடது மேடம், லைசென்ஸ் அவனோடது. நானா இவ்வளவு ஏத்துன்னு கழுத்தப் புடிச்சேன்? ரெண்டு வருசமா இதே லோடுதான் போறான். இழுக்குதே, அப்புறம் என்ன?"

இந்த ஒரு வாக்கியம் என்னைத் தூங்கவிடவில்லை. இழுக்கிறது, ஆகவே ஏற்றலாம். நம் தாத்தா பாட்டிகளின் முதுகைப் பார்த்தும் இதைத்தானே சொல்லியிருப்பார்கள்? தூக்குகிறான், ஆகவே தூக்கட்டும். களத்துமேட்டில் அவர்கள் தூக்கிய மூட்டைக்கு எந்த எடைமேடையும் இருந்ததில்லை. இன்று பேரன் சொந்தமாக வண்டி வாங்கிவிட்டான். மூட்டை முதுகிலிருந்து வண்டிக்கு மாறியிருக்கிறது. எவ்வளவு ஏற்றுவது என்று முடிவு செய்யும் வாய் மட்டும் மாறவில்லை.

முதலில் வண்டியைப் பற்றிக் கொஞ்சம் பேசுவோம். வண்டியைப் புரிந்துகொள்ளாமல் இந்த அநியாயத்தைப் புரிந்துகொள்ள முடியாது.

2005-ல் டாடா ஏஸ் சந்தைக்கு வந்தது. வடக்கே சோட்டா ஹாத்தி, நமக்குக் குட்டி யானை. முதலில் வந்த வண்டியில் இருந்தது 700 சிசி சொச்சம் கொண்ட இரண்டு சிலிண்டர் டீசல் என்ஜின். அதன் திறன் 16 குதிரைத்திறன். இன்று நம் தெருப் பையன்கள் ஓட்டும் 350 சிசி புல்லட்டுக்கே 20 குதிரைத்திறன் உண்டு. அதாவது ஒரு புல்லட்டைவிடக் குறைந்த திறன் உள்ள என்ஜின்தான் ஒன்றரை டன் சிமெண்டை மலைமேல் ஏற்றுகிறது.

எப்படி ஏற்றுகிறது? கியர்தான் ரகசியம். முதல் கியரில் என்ஜின் பலமுறை சுற்றினால்தான் சக்கரம் ஒருமுறை சுற்றும். வேகத்தை விட்டுக்கொடுத்து இழுவையை வாங்கிக்கொள்கிறது. ஆகவே திறன் குறைந்த வண்டியும் நடக்கிற வேகத்தில், புகை கக்கிக்கொண்டு, எப்படியோ மேலே போய்விடும். கடைக்காரர் பார்ப்பது இதைத்தான். இழுக்கிறதே!

ஒரு வண்டியின் சுமை அளவை என்ஜினின் இழுவையை மட்டும் வைத்து நிர்ணயிப்பதில்லை. பிரேக், ஆக்சில், ஸ்பிரிங், டயர், சட்டகம் எல்லாவற்றையும் சேர்த்துத்தான் நிர்ணயிக்கிறார்கள். இந்த வண்டி வெறுமையாக ஏறத்தாழ 800 கிலோ. அனுமதிக்கப்பட்ட சுமையோடு சேர்த்து 1,550 கிலோ. ஒன்றரை டன் ஏற்றினால் 2,300 கிலோ. அதே வேகத்தில் வரும் வண்டியை நிறுத்த, அதே பிரேக் ஒன்றரை மடங்கு வேலை செய்ய வேண்டும். மலையிலிருந்து மரமோ வாழைத்தாரோ ஏற்றிக்கொண்டு இறங்கும்போது, வளைவுக்கு வளைவு மிதித்து மிதித்து பிரேக் சூடேறும். சூடேறச் சூடேறப் பிடிமானம் குறையும். கடைசி வளைவில் மிதித்தால் கால் மட்டும்தான் கீழே போகும்.

சுமை பின்பக்கம் குவிந்தால் முன்சக்கரத்தில் பாரம் குறையும். ஸ்டியரிங் லேசாகிவிடும். திருப்பினால் வண்டி திரும்பாது. இதற்கெல்லாம் பட்டறையில் சொல்லும் வைத்தியம், பின்னால் இன்னொரு ஸ்பிரிங் பட்டை சேர்ப்பது. பட்டை சேர்த்தால் வண்டி அமுங்காமல் நிமிர்ந்து நிற்கும். பிரேக் ஒரு துளியும் கூடாது. பாரம் வெளியே தெரியாமல் மறைவதுதான் மிச்சம்.

மலைச்சாலையில் இன்னொரு காட்சியை நீங்கள் பார்த்திருக்கலாம். ஏற்றத்தில் வண்டி திணறும்போது ஒரு பையன் குதித்து இறங்கி, கையில் கல்லோடு பின்னாலேயே ஓடுவான். வண்டி பின்வாங்கினால் சக்கரத்துக்கு அடியில் கல்லைப் போட வேண்டும். ஒரு கணம் தாமதித்தால் கல் இருக்க வேண்டிய இடத்தில் அவன் கால் இருக்கும். அந்தப் பையனுக்கு எந்தப் பதிவேட்டிலும் பெயர் கிடையாது. பெரும்பாலும் ஓட்டுநரின் தம்பியாகவோ மச்சானாகவோ இருப்பான்.

சரி, ஏன் ஏற்றுகிறார்கள்? "பேராசை" என்று எளிதாகச் சொல்லிவிடுவார்கள். தம்பி எனக்குச் சொன்ன கணக்கைக் கேளுங்கள்.

மாதம் 11,000 ரூபாய் டியூ. கடையிலிருந்து மலைமேல் கட்டடம் நடக்கும் இடத்துக்குப் போய் வர 80 கிலோமீட்டர். ஒரு நடைக்கு வாடகை 1,600. டீசலுக்கு 600 போகும். உடன் வரும் பையனுக்கு 400. மிச்சம் 600. அதில்தான் டயர், கிளட்ச், இன்சூரன்ஸ், எஃப்.சி., வீட்டு அரிசி எல்லாம். 30 மூட்டையை இரண்டு நடையாக அடித்தால் சட்டப்படி சரி. கடைக்காரர் இரண்டாவது நடைக்கு வாடகை தர மாட்டார். "முடியாதுன்னா சொல்லு, வேற வண்டிக்குச் சொல்றேன்" என்பார். நமக்கு வாடகை நடைக்கு. அவருக்கு லாபம் மூட்டைக்கு. வண்டி எவ்வளவு திணறுகிறதோ அவ்வளவு அவருக்கு மிச்சம். அந்த மிச்சத்தின் விலையை கிளட்ச் தேய்மானமாக, டயர் வெடிப்பாக, அபராதமாகத் தம்பி கட்டுகிறார்.

இதில் சாதி எங்கே வருகிறது என்று கேட்பீர்கள். நானும் முதலில் கேட்டேன். அதே கடைக்கு வரும் இன்னொரு ஓட்டுநர் கடைக்காரரின் சொந்தக்காரர். அவரும் அதே வண்டிதான் வைத்திருக்கிறார். "இருபதுக்கு மேல ஏத்தாதீங்க மாமா" என்று அவரால் சொல்ல முடிகிறது. சொன்ன பிறகும் அடுத்த நாள் லோடு கிடைக்கிறது. நம் தம்பி சொன்னால் அன்றோடு சரி. அவருக்குக் கடனுக்கு டீசல் போட பங்க் கிடையாது. ஒரு மாதம் லோடு இல்லாவிட்டால் டியூ கட்டிக்கொடுக்க மாமனார் கிடையாது. சமூகவியல் வகுப்பில் சமூக மூலதனம் என்று பக்கம் பக்கமாகப் படித்தேன். அதற்கு உண்மையான அர்த்தம் அன்று அடிவாரத்தில்தான் புரிந்தது. "முடியாது" என்று சொல்லிவிட்டு மறுநாளும் சோறு தின்ன முடிவதுதான் சமூக மூலதனம்.

அண்ணல் அம்பேத்கர் படிநிலைச் சமத்துவமின்மை என்று ஒன்றை நமக்கு விளக்கினார். சமத்துவமின்மை வெறுமனே மேல், கீழ் என்று இரண்டு தட்டாக இல்லை, படிப்படியாக இருக்கிறது என்றார். இந்தச் சிமெண்ட் எப்படி இறங்குகிறது பாருங்கள். மொத்த வியாபாரியின் லாரியிலிருந்து கடைக்கு, கடையிலிருந்து காலனிக்காரனின் குட்டி யானைக்கு, அதிலிருந்து கல் வைத்துக்கொண்டு ஓடும் பையனின் காலுக்கு. ஒவ்வொரு படியிலும் ஆபத்து கீழே தள்ளப்படுகிறது. லாபம் மேலே போகிறது.

இங்கே நம் கொண்டாட்டங்களைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். மாலை போட்ட புது வண்டி, கையில் சாவி, பக்கத்தில் அதிகாரி. மானியக் கடன் விழாக்களில் இந்தப் படத்தைப் பார்த்திருப்பீர்கள். தாட்கோ 1974-ல் தொடங்கப்பட்டது. அதன் வழியாக வண்டி வாங்கி நிமிர்ந்த குடும்பங்கள் எனக்கே தெரியும். மானியம் நம் உரிமை. அதைக் குறை சொல்ல வரவில்லை. மூன்று டன்னுக்கு மேற்படாத மொத்த எடை உள்ள சரக்கு வண்டிக்கு மோட்டார் வாகனச் சட்டம் 66-வது பிரிவின்படி பெர்மிட் தேவையில்லை என்பதும் முதல் தலைமுறை உரிமையாளருக்குப் பெரிய வாசல்தான். ஆனால் திட்டம் வண்டியைக் கொடுக்கிறது, லோடைக் கொடுப்பதில்லை. லோடு இருப்பது ஊரில், கடைத்தெருவில், மண்டியில். நேற்று வரை அங்கே கூலியாக நின்றவன் இன்று முதலாளி என்ற பெயரோடு, கழுத்தில் கடனோடு, அதே வாசலில் போய் நிற்கிறான். முன்பு கூலிக்காரனுக்கு ஒன்று ஆனால் "என் ஆள்" என்று பேச்சுக்காவது ஒரு பொறுப்பு இருந்தது. இப்போது "வண்டி அவனோடது" என்று கையைக் கழுவிவிடலாம்.

சட்டம் என்ன சொல்கிறது? இதை நன்றாகக் குறித்துக்கொள்ளுங்கள். களப்பணிக்கு உதவும்.

அதிகச் சுமைக்கான தண்டனை மோட்டார் வாகனச் சட்டத்தின் 194-வது பிரிவில் இருக்கிறது. 2019 திருத்தத்துக்குப் பிறகு அபராதம் 20,000 ரூபாய். அதற்கு மேல் ஒவ்வொரு கூடுதல் டன்னுக்கும் 2,000. கூடுதல் சுமையை இறக்கும் செலவும் நம் தலையில். இறக்காமல் வண்டி நகரக் கூடாது. 600 ரூபாய் மிச்சம் பார்க்கும் ஒருவருக்கு இது 33 நடைகளின் மிச்சம். ஒரு மாதத்துக்கு மேலான உழைப்பு ஒரே மதியத்தில் போனது.

ஆனால் அந்தப் பிரிவின் வாசகத்தைப் பொறுமையாகப் படியுங்கள். அது ஓட்டுகிறவரை மட்டும் சொல்லவில்லை. ஓட்டச் செய்கிறவரையும், ஓட்ட அனுமதிக்கிறவரையும் சேர்த்தே சொல்கிறது. 113-வது பிரிவு இன்னொன்றும் சொல்கிறது. ஓட்டுநர் வேறு, உரிமையாளர் வேறு என்றால், உரிமையாளருக்குத் தெரிந்தே, அவர் உத்தரவின் பேரிலேயே சுமை ஏற்றப்பட்டது என்று நீதிமன்றம் அனுமானிக்கலாம். சட்டம் எழுதியவர்களுக்கு ஓட்டுநர் தானாக ஏற்றுவதில்லை என்பது தெரிந்திருக்கிறது. நம் தம்பியின் சிக்கல், அவரே ஓட்டுநர், அவரே உரிமையாளர். அனுமானம் அவரிடமே வந்து நின்றுவிடுகிறது. 15 மூட்டை வண்டியில் 30 மூட்டை ஏற்றி அனுப்பியவர் "ஓட்டச் செய்தவர்" ஆக மாட்டாரா என்று வாதிட இடம் உண்டு. அந்த வாதத்தை நம்மில் யாரும் இன்னும் எழுப்பவில்லை. அன்று தம்பியின் சட்டைப் பையிலேயே ஆதாரம் இருந்தது. கடையின் பில். 30 மூட்டை என்ற எண்ணிக்கையும் வண்டியின் பதிவு எண்ணும் ஒரே தாளில், கடைக்காரரின் கையெழுத்தோடு. அதைப் பார்க்க யாரும் கேட்கவில்லை. எங்களுக்கும் அன்று காட்டத் தோன்றவில்லை. அந்தத் தவறு என்னுடையதும்தான்.

இதே வண்டியில் ஏறும் இன்னொரு சுமையைப் பற்றிப் பேசாமல் முடிக்க முடியாது. மனிதர்கள். நடவுக்கும் களையெடுப்புக்கும் நம் அம்மாக்களும் அக்காக்களும் 20 பேர், 25 பேர் நின்றுகொண்டே போவது இந்தச் சரக்குப் பெட்டியில்தான். கல்யாணத்துக்கும் துஷ்டிக்கும் இதுதான். இதைப் பற்றி நம் தெருவில் பலருக்குத் தெரியாத உண்மை ஒன்று உண்டு. சரக்கு வண்டியில் பயணிகளாகச் செல்பவர்களுக்கு இன்சூரன்ஸ் நிறுவனம் பொறுப்பல்ல. ஆஷா ராணி வழக்கில் 2002-லும் பல்ஜித் கவுர் வழக்கில் 2004-லும் உச்ச நீதிமன்றம் இதைச் சொல்லிவிட்டது. சரக்கின் உரிமையாளருக்கோ அவருடைய பிரதிநிதிக்கோ, வண்டியில் வேலை செய்பவருக்கோ பாதுகாப்பு உண்டு. கூலி வேலைக்கு ஏற்றிச் செல்லப்படும் பெண்ணுக்குக் கிடையாது. சில வழக்குகளில் முதலில் இன்சூரன்ஸ் கட்டிவிட்டுப் பிறகு உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளட்டும் என்று உத்தரவு வருவதுண்டு. அப்போதும் கடைசியில் கட்ட வேண்டியவர் உரிமையாளர்.

இதன் விளைவை யோசித்துப் பாருங்கள். வண்டி கவிழ்ந்தால், இறந்தவர் காலனிப் பெண். ஈடு கட்ட வேண்டியவர் காலனிப் பையன். வேலைக்கு ஆள் கேட்ட நிலத்துக்காரர் எந்தத் தாளிலும் இல்லை. ஒரே தெருவின் இரண்டு வீடுகள் தீர்ப்பாயத்தில் எதிரெதிரே நிற்கும். இரண்டு வீடுகளும் அழியும்.

ஒரு மறுப்பு வரும், நியாயமான மறுப்பு. "அதிகச் சுமை ஏற்றிய வண்டி எதிரே வருபவனையும் கொல்லுமே, ஓட்டுநருக்காக வக்காலத்து வாங்குகிறீர்களா?" இல்லை. வறுமை என்பதற்காக ஒரு குழந்தைமேல் ஏறிய வண்டியை யாரும் மன்னிக்க முடியாது. அந்தச் சாலையில் நடந்து பள்ளிக்கூடம் போவதும் நம் பிள்ளைகள்தான். எடைமேடை வேண்டும், சோதனை வேண்டும், அபராதமும் வேண்டும். ஓட்டுகிறவரை மட்டும் பிடித்து ஏற்றியவரை விட்டுவிடும் சோதனையால் சாலை பாதுகாப்பாகாது என்பதுதான் என் வாதம். அன்று பிடிபட்ட தம்பி இரண்டு நாள் வண்டி ஓட்டவில்லை. அந்த இரண்டு நாளும் அதே 30 மூட்டை, பக்கத்துக் காலனியின் இன்னொரு வண்டியில் ஏறிப் போனது.

ஆகவே தனி ஒருவரின் மறுப்பு பயன் தராது. அது சுமையைப் பக்கத்து வண்டிக்குத் தள்ளிவிடும், அவ்வளவுதான். இளம் தோழர்களிடம் நான் கேட்பது சில எளிய வேலைகள்.

முதலில் உங்கள் பகுதியில் எத்தனை பேர் சிறு சரக்கு வண்டி வைத்திருக்கிறார்கள், டியூ எவ்வளவு, யாருக்கு லோடு அடிக்கிறார்கள், எவ்வளவு ஏற்றச் சொல்கிறார்கள் என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். ஆய்வுக் கட்டுரைக்குத் தலைப்பு தேடும் மாணவர்களே, இதைவிட நல்ல தலைப்பு உங்களுக்குக் கிடைக்காது.

இரண்டாவது, ஒவ்வொரு ஓட்டுநரிடமும் பில்லைப் பத்திரப்படுத்தச் சொல்லுங்கள். "முப்பது ஏத்து" என்று வரும் வாட்ஸ்அப் குரல் பதிவை அழிக்காமல் வைத்திருக்கச் சொல்லுங்கள். அடுத்த முறை வண்டி பிடிபட்டால், ஏற்றி அனுப்பியவரையும் வழக்கில் சேர்க்கக் கோரி எழுத்துப்பூர்வமாக மனு கொடுங்கள். ஒரு கடைக்காரருக்கு ஒரு நோட்டீஸ் போனால் போதும், கடைத்தெரு முழுவதும் எடை தெரிந்துவிடும்.

மூன்றாவது, காகிதங்கள். இன்சூரன்ஸ் பாலிசியில் உடன் வரும் ஆளுக்குப் பாதுகாப்பு இருக்கிறதா என்று பாருங்கள். அமைப்புசாரா ஓட்டுநர் நலவாரியத்தில் பதிந்திருக்கிறார்களா என்று கேளுங்கள். 7,500 கிலோவுக்கு மேற்படாத போக்குவரத்து வாகனத்தை ஓட்ட இலகுரக வாகன உரிமமே போதும் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்திருக்கிறது. உரிமத்தைக் காட்டி இழப்பீட்டை மறுத்தால் இந்தத் தீர்ப்பைக் காட்டுங்கள்.

நான்காவது, கோரிக்கை. வண்டிக்கு மானியம் கொடுக்கும் அரசு லோடும் கொடுக்கட்டும். ரேஷன் அரிசி, பாடநூல், சத்துணவு முட்டை என்று அரசே எவ்வளவோ சரக்கை நகர்த்துகிறது. அதில் ஒரு பங்கை நம் சிறு வண்டி உரிமையாளர்களின் கூட்டுறவுச் சங்கங்களுக்கு, எடைக் கணக்கில் வாடகை நிர்ணயித்துக் கொடுக்கலாம். கடைத்தெரு கைவிட்டாலும் டியூ கட்ட ஒரு வழி இருந்தால்தான் "முடியாது" என்ற சொல் வாயில் வரும்.

தம்பி அபராதத்தை மனைவியின் கம்மலை அடகு வைத்துக் கட்டினார். மீண்டும் ஓட்டுகிறார், அதே கடைக்குத்தான். போன வாரம் எங்கள் தெருவிலும் பக்கத்துக் காலனியிலும் இருக்கும் ஏழு வண்டிக்காரர்களை உட்கார வைத்துப் பேசினோம். 15 மூட்டை என்றால் யாராலும் பிழைக்க முடியாது, வாடகை முதலில் ஏற வேண்டும் என்றார்கள். இரண்டு மணி நேரம் சண்டை. கடைசியில் ஏழு பேரும் ஒன்றுக்கு ஒப்புக்கொண்டார்கள். மூட்டைக் கணக்கில்தான் இனி வாடகை பேசுவது. ஒருவர் மறுத்த லோடை, மற்ற ஆறு பேரும் கேட்காமல் எடுப்பதில்லை. மனிதர்களைப் பெட்டியில் ஏற்றுவதில்லை.

எத்தனை நாள் தாங்கும் என்று தெரியாது. முதல் டியூ தேதியிலேயே உடையலாம். ஆனால் கூட்டம் முடிந்து எழுந்தபோது தம்பி கேட்ட கேள்வி என்னிடம் இருக்கிறது. "அக்கா, இழுக்குதேன்னு சொன்னாருல்ல, இனிமே நிக்குமான்னு கேட்டுட்டு ஏத்தச் சொல்லலாமா?"

கேளுங்கள் தோழர்களே. உங்கள் ஊர்க் கடைத்தெருவிலும் கேளுங்கள்.

ஜெய்பீம்!